எண்ணெய் பேசி முடிக்கும் நேரம்

ஐப்பசி பிறந்துவிட்டால் கிள்ளான் பக்கத்துக் காப்பாரில் மழைக்கு ஒரு நேரம் வந்துவிடும். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். கொடியில் போட்ட துணி பத்து மணிக்கெல்லாம் காய்ந்துவிடும். மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது கிழக்கே, மலைப்பக்கம் வானம் கறுக்கத் தொடங்கும். மூன்றரை மணிக்கு முதல் இடி. என் பெரியம்மா இதைக் கணக்கு வைத்துத்தான் தீபாவளி முறுக்கு சுடுவார். விடிவதற்கு முன்பே மாவு பிசைந்து ஆறு மணிக்குச் சட்டியை ஏற்றினால், பன்னிரண்டு மணிக்குள் கடைசி ஈடு இறங்கியாக வேண்டும். இரண்டு மணிக்குள் அத்தனையும் ஆறி டின்னுக்குள் போயாக வேண்டும். "மழ வந்துருச்சுன்னா எல்லாம் நமுத்துப் போயிரும்டா, சீக்கிரம் அடுக்கு!" என்று அவர் விரட்டுவதைக் கேட்டே வளர்ந்தேன்.

உணவு அறிவியல் படித்த பிறகு அவர் சொன்னவற்றை ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலானவை சரி. ஒன்றிரண்டு சரியில்லை. இந்த அத்தியாயம் அந்தக் கணக்குகளைப் பற்றியது.

குளிர்நாட்டுச் சமையல் புத்தகங்களில் இலையுதிர்காலத்துக்கென்று ஒரு பகுதி இருக்கும். பூசணிக்காய், ஆப்பிள், பட்டை மணக்கும் ரொட்டி, சூடான ஓவன். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு மூன்று டிகிரி வடக்கே. நமக்கு அப்படியொரு காலம் கிடையாது. ரப்பர் தோட்டத்துப் பால்மரம் இலை உதிர்க்கும்தான், அதுவும் பிப்ரவரி மார்ச்சில். அங்கே இலை உதிரும் மாதங்களில் நமக்கு வருவது தீபாவளி. ஐப்பசி அமாவாசையை ஒட்டிய பண்டிகை என்பதால் அது அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையில்தான் விழும்: 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு இரண்டு முறை மழை உச்சத்துக்குப் போகும். ஒன்று ஏப்ரலை ஒட்டி, மற்றொன்று இதே அக்டோபர், நவம்பரில். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து வடகிழக்குக் காற்று இன்னும் வந்து சேராத இடைக்காலம் அது. பெருங்காற்று இல்லை. காலை வெயிலில் நிலம் சூடாகிறது. மலாக்கா நீரிணையிலிருந்து கடற்காற்று உள்ளே நுழைகிறது. சூடான ஈரக்காற்று மேலே ஏறி மாலைக்குள் இடிமழையாகக் கொட்டுகிறது. தமிழ்நாட்டின் ஐப்பசி அடைமழை வேறு வகை. ஆனால் முறுக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆக நாட்காட்டியே நம்மை வம்பில் மாட்டிவிட்டிருக்கிறது. ஆண்டிலேயே ஈரம் மிகுந்த வாரங்களில், ஈரம் பட்டால் கெட்டுப்போகும் பலகாரத்தைச் சுட்டு, வாரக்கணக்கில் வைத்துச் சாப்பிட வேண்டும். ஊர்ப் பெயரில் காப்பார் என்று இருந்தாலும் முறுக்கைக் காப்பார் யாரும் இல்லை.

எவ்வளவு ஈரம்? 30 டிகிரிக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு அதிகபட்சம் 30 கிராம் நீராவி தங்கும். நம் ஊரில் சராசரியாக 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால் அதில் 24 கிராம் எப்போதும் இருக்கிறது. அக்டோபர் மாத லண்டனில் 10 டிகிரிக் காற்று அதே 80 விழுக்காட்டில் இருந்தாலும் உள்ளே இருப்பது ஏழரை கிராம்தான். அந்தக் காற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 43 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அவர்கள் பிஸ்கட்டைத் தட்டில் திறந்து வைத்துவிட்டுத் தூங்கலாம். நாம் முடியாது. ஏன் முடியாது என்பதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் நீரை வெளியே அனுப்பும் கதை.

பிசைந்த முறுக்கு மாவின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீர். சுட்டு எடுத்த நல்ல முறுக்கில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் மிஞ்சும். முறுக்கு சுடுவது என்றால் அடிப்படையில் துணி காயப்போடுவதுதான். வெயிலுக்குப் பதில் எண்ணெய், மூன்று மணி நேரத்துக்குப் பதில் மூன்று நான்கு நிமிடம். நீர் 100 டிகிரிக்கு மேல் நீராக இருக்காது. எண்ணெய் 175 டிகிரியில் நின்று, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் மாவைத் தொட்டு, நீரைத் துரத்துகிறது.

பெரியம்மாவிடம் வெப்பமானி கிடையாது. என்னை முதன்முதலாகச் சட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தியபோது அவர் சொன்னது ஒரே ஒரு விதி. "கண்ண நம்பாத. சத்தத்தக் கேளு. எண்ணெய் பேசி முடிச்சிருச்சுன்னா எடுத்துரு."

மாவு விழுந்தவுடன் எண்ணெய் கத்தும். பெரிய குமிழ்கள் முட்டி மோதி மேலே வரும். முறுக்கே கண்ணுக்குத் தெரியாது. ஒரு நிமிடத்தில் இரைச்சல் சலசலப்பாகும். குமிழ் சிறுத்து, ஓரங்களில் மட்டும் நூல்நூலாக ஏறும். பிறகு அடங்கும். இரைச்சலாகக் கேட்பது முழுக்க நீராவி வெளியேறும் ஓசை. மாவுக்குள் நீர் இருக்கும்வரை அதன் உட்புறம் 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும், ஏனென்றால் எண்ணெய் தரும் சூடெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. நீர் தீர்ந்ததும் சூட்டுக்கு வேறு வேலை இல்லை. முறுக்கின் வெப்பம் விறுவிறுவென்று ஏறும். அப்போதுதான் நிறம் பிடிக்கும். சத்தம் நிற்பதும் சிவக்கத் தொடங்குவதும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நடப்பது தற்செயல் அல்ல.

அந்தப் பொன்னிறத்துக்குக் காரணமான வேதிவினையை 1912இல் விவரித்தவர் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர். புரதத்தின் அமினோ அமிலமும் சிலவகைச் சர்க்கரையும் சூட்டில் கூடி நூற்றுக்கணக்கான புது மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. வறுத்த காப்பிக்கொட்டை, ரொட்டியின் மேல்தோல், தோசையின் ஓரம் எல்லாவற்றிலும் இதே வினைதான். ஈரமான பரப்பில் இது வேகமாக நடக்காது. பரப்பு காய்ந்து 120, 140 டிகிரி தாண்ட வேண்டும். சிவந்தது போதும் என்று நிறுத்துவதற்கும் ஒரு காரணம் உண்டு. அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருள் மாவுப் பண்டங்களில் இதே வினையின் பக்கவாட்டில் உண்டாகிறது என்று 2002இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நிறம் கருக்கக் கருக்க அதுவும் கூடும். பொன்னிறத்தில் எடுப்பது கண்ணுக்கு மட்டுமல்ல, உடம்புக்கும் நல்லது.

இனி ஒரு சின்னக் கணக்கு. கடையில் மானிய விலையில் 2 வெள்ளி 50 காசுக்குக் கிடைக்கும் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் இரண்டைச் சட்டியில் ஊற்றுகிறோம். நான்கு முறுக்கு போடுகிறோம். அவற்றுக்குள் மொத்தம் 50 கிராம் நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிராம் என்பது அரை டம்ளர்கூட இல்லை. ஆனால் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஆகும் சக்தியைப்போல் ஏழு மடங்குக்கு மேல் அதை ஆவியாக்க வேண்டும். எண்ணெயோ சூட்டை அதிகம் சேமித்து வைக்கத் தெரியாதது. ஒரு டிகிரி ஏற்ற நீருக்கு ஆகும் சூட்டில் பாதிதான் அதற்குப் போதும். கூட்டிக் கழித்தால், அடுப்பு கைகொடுக்காவிட்டால் அந்த நான்கு முறுக்குகள் மட்டுமே சட்டியின் வெப்பத்தை 30 டிகிரி இறக்கிவிடும். அவசரத்தில் எட்டு முறுக்கு போட்டால் எண்ணெய் 120க்கும் கீழே சரியும், ஆவி மந்தமாகும், முறுக்கு வேகாமல் ஊறும். சின்னச் சட்டியில் நிறைய முறுக்கு போட்டு எண்ணெய் குடித்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் மாவைக் குறை சொல்கிறார்கள். மாவு பாவம்.

அதே 50 கிராம் நீர் ஆவியானால் 80 லிட்டருக்கு மேல் விரியும். ஒரு ஈட்டுக்கு 80 லிட்டர் ஆவி. காப்பார் கடற்கரையோரம் பெரிய மின்நிலையம் ஒன்று நிலக்கரி எரித்து இரவும் பகலும் செய்வதும் இதையேதான்: நீரை ஆவியாக்குவது. பெரியம்மா அந்தப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே தன் பங்குக்குக் கொஞ்சம் ஆவியாக்குவார். வெளியே போகும்போது ஆவி சும்மா போவதில்லை; ஓமத்தின் தைமோலையும் கூடவே அள்ளிக்கொண்டு போகும். வரிசை வீடுகளில் யார் வீட்டில் முறுக்கு சுடுகிறார்கள் என்று தெருக்கோடியில் தெரிவது அதனால்தான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நாற்பது ஈடு சுட்டால் இரண்டு லிட்டர் நீர் சமையலறைக் காற்றில் கலந்திருக்கும். சுட்ட முறுக்கை அதே அறையில் ஆறவைப்பது குளித்துவிட்டு ஈரத்துண்டால் துவட்டுவதைப்போல. வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

எண்ணெய் குடிப்பதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. சட்டிக்குள் கிடக்கும்போதுதான் முறுக்கு எண்ணெயை உறிஞ்சுகிறது என்று நினைக்கிறோம். அங்கே ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் உள்ளே நுழைவது கடினம். பெரும்பகுதி எண்ணெய் உள்ளே போவது முறுக்கை வெளியே எடுத்த பிறகு. ஆறத் தொடங்கியதும் துளைகளுக்குள் மிஞ்சிய ஆவி குளிர்ந்து நீராகச் சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை அந்த வெற்றிடம் இழுத்துக்கொள்கிறது. பெரியம்மா கம்பியில் கோத்து எடுத்த முறுக்கைச் சட்டிக்கு மேலேயே இரண்டு தட்டுத் தட்டி, ஆவியில் கொஞ்சம் பிடித்து வைத்து, அப்புறம்தான் காகிதத்தில் கவிழ்ப்பார். சூடு இறங்குமுன் எண்ணெய் வடிந்துவிட வேண்டும். அந்தச் சில நொடிகளில் முடியாத வேலை பிறகு எத்தனை காகிதம் மாற்றினாலும் முடியாது.

மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் சுருக்கமாக. அரிசியில் கோதுமையின் பசைப்புரதம் கிடையாது. எவ்வளவு பிசைந்தாலும் ரப்பராகாது. முறுக்கின் எலும்புக்கூடு, சூட்டில் நீர் குடித்து வீங்கிக் காய்ந்து இறுகும் அரிசி மாவுச்சத்து. வறுத்து அரைத்த உளுந்து வழுவழுப்பைக் கொடுத்துக் காற்றைப் பிடித்து வைக்கும். நெய்யோ வெண்ணெயோ துகள்கள் ஒன்றோடொன்று முழுக்க ஒட்டவிடாமல் இடையில் புகுந்து நொறுங்கும் தன்மையைத் தரும். நெய் கூடிப்போனால் பிடிமானமே இல்லாமல் முறுக்கு எண்ணெயில் கரைந்து காணாமல் போகும். அச்சின் நட்சத்திரக் கண் அலங்காரத்துக்கு இல்லை. முள்முள்ளான மெல்லிய இழையில் எந்த இடத்திலிருந்தும் வெளிப்பரப்பு தூரமில்லை; ஆவிக்கு வழி சுலபம். சீடையில் அந்த வழி இல்லை. மேல்தோல் இறுகி, உள்ளே ஆவி அடைபட்டு வெடித்துக் கையைச் சுட்ட கதை பல வீடுகளில் உண்டு.

அச்சு முறுக்கு சீடைக்கு நேர் எதிர். மலாய்க்காரர்கள் குவே லோயாங் என்பார்கள். லோயாங் என்றால் பித்தளை. சுவீடன்காரர்கள் கிறிஸ்துமசுக்கு இரும்பு அச்சில் இதே மாதிரி ஒன்று செய்கிறார்கள், தேங்காய்ப்பால் இருக்காது. அரிசி மாவு, முட்டை, சர்க்கரை, தேங்காய்ப்பால் கரைசலில் சூடான அச்சை முக்கால் உயரம் முக்க வேண்டும். அச்சு ஆறியிருந்தால் மாவு பிடிக்காமல் வழுக்கும். கொதிக்கக் கொதிக்க இருந்தால் தொட்ட இடத்தில் ஆவித்திரை எழும்பி மாவைத் தள்ளிவிடும். நடுவில் ஒரு சூடு இருக்கிறது: மாவு முட்டையோடு சேர்ந்து சட்டென்று உறைந்து ஒரு தோலாக ஒட்டிக்கொள்ளும், எண்ணெய்க்குள் போனதும் தோல் காய்ந்து சுருங்கித் தானே கழன்றுவிடும். முதல் ஐந்தாறு எப்போதும் வீண். புது அச்சென்றால் இருபது வீண். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

தீபாவளித் தட்டில் இருக்கும் மற்றவை எல்லாம் நீரோடு வேறு வேறு ஒப்பந்தம் செய்துகொண்டவை. நெய் உருண்டையில் நீரே சேர்ப்பதில்லை. வறுத்த பாசிப்பருப்பு மாவு, சர்க்கரை, உருக்கிய நெய், அவ்வளவுதான். நெய் கொஞ்சம் உறைந்தால்தான் உருண்டை நிற்கும். 32 டிகிரி மதியத்தில் நெய் பாதி திரவமாகவே கிடப்பதால் காப்பாரில் உருண்டை பிடிப்பதும் காலை வேலைதான். சுஜி பிஸ்கட்டும் இதன் தங்கைதான். மலேசியாவில் பல வீடுகளில் சுஜி பிஸ்கட்டில் சுஜியே, அதாவது ரவையே, இருக்காது. கோதுமை மாவு, நெய், பொடித்த சர்க்கரை. வெண்ணெயில் நூற்றுக்குப் பதினாறு பங்கு நீர் உண்டு, நெய்யில் இல்லை. நீர் இல்லாத இடத்தில் கோதுமையின் பசைப்புரதம் வலை பின்னாது. வாயில் போட்டவுடன் மணலாக உதிர்ந்து கரைவது அதனால்தான்.

அதிரசம் மட்டும் துணிந்து நீரை உள்ளே வைத்துக்கொள்கிறது. ஊறவைத்து இடித்த ஈர மாவு, வெல்லப்பாகு. அப்படியும் அது வாரக்கணக்கில் பூசணம் பிடிக்காமல் இருக்கிறது. நீர் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எவ்வளவு நீர் சும்மா இருக்கிறது என்பதுதான் கேள்வி. இந்த எண்ணத்தை 1950களில் உணவியலுக்குள் கொண்டுவந்தவர் ஆஸ்திரேலியர் ஸ்காட். அதற்கு நீர்ச்செயல்பாடு என்று பெயர். தூய நீருக்கு 1, முழுக்கக் காய்ந்த பொருளுக்கு 0. வெல்லத்தில் உள்ள சர்க்கரை நீரை இறுகப் பிடித்துக்கொள்வதால் அதிரசத்தில் ஈரம் இருந்தும் பூசணத்துக்கு எட்டுவதில்லை. மழை நாளில் பாகு பதம் வராது என்று சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொதிக்கும் பாகின் வெப்பநிலை அதிலுள்ள சர்க்கரையின் செறிவைக் காட்டும் அளவுகோல். 114 டிகிரியில் உருட்டுப்பதம் என்றால் வெயிலானாலும் மழையானாலும் அதில் நீரின் அளவு ஒன்றுதான். மழை நாளில் மாறுவது மாவின் ஈரம். ஒரே பாகுக்கு ஒருநாள் கெட்டி மாவும் மறுநாள் ஈர மாவும் போட்டுவிட்டுப் பழியைப் பாகின் மேல் போடுகிறோம்.

எண்ணெய்க்கு வருவோம். இந்த வட்டாரத்தின் வரலாறே அதில் இருக்கிறது.

1890களில் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் நட்டது லைபீரியக் காப்பி. விலை சரிந்ததும் அதே மண்ணில் பால்மரம் வந்தது. அதோடு கப்பல் கப்பலாக நம்மவர்களும் வந்தார்கள். காப்பாரிலிருந்து வடக்கே போனால் கோல சிலாங்கூர் மாவட்டம். அங்கே இப்போது பெஸ்தாரி ஜெயா எனப்படும் ஊருக்குப் பக்கத்தில், 1917இல் ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நட்டார். பின்னாளில் நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கியவரும் அவரே. அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனை நட்ட தோட்டத்துக்குத் தென்னமரம் என்று பெயர்! அரை நூற்றாண்டுக்குப் பிறகு பால்மரத்தை வெட்டி எங்கும் செம்பனை நட்டார்கள். அந்தச் செம்பனையையும் வெட்டித்தான் இன்று காப்பார் சாலையின் இருபுறமும் தாமான்களும் தொழிற்சாலைகளும் எழுந்திருக்கின்றன. பெரியம்மா லயத்து வீட்டில் பிறந்தவர். அவர் அம்மா தேங்காய் எண்ணெயில் முறுக்கு சுட்டாராம். இவர் பாக்கெட் எண்ணெயில் சுடுகிறார்.

அந்தப் பாக்கெட்டில் இருப்பது செம்பனை எண்ணெயைக் குளிரவைத்து, உறைந்த பகுதியை வடித்தெடுத்த திரவப் பங்கு. குளிர்சாதன அறையில் வைத்தால் மீண்டும் கலங்கும். அது கலப்படம் இல்லை, அதன் இயல்பு. முறுக்கு சுடுவதற்கு இதைவிட ஏற்ற எண்ணெய் குறைவு என்பது என் கருத்து. உடல்நலக் கணக்கில் அதன் நிறைவுற்ற கொழுப்பைப் பற்றிக் குறை சொல்ல இடமுண்டு, ஏறத்தாழ பாதி அதுதான். ஆனால் சட்டிக்குள் அதுவே பலம். எண்ணெய் காறிப்போவது பெரும்பாலும் ஆக்சிஜன் செய்யும் வேலை. அது முதலில் தாக்குவது பல இரட்டைப் பிணைப்புகள் கொண்ட கொழுப்பமிலங்களை. இரண்டு இரட்டைப் பிணைப்புள்ள லினோலிக் அமிலம், ஒன்றேயுள்ள ஒலியிக் அமிலத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாகக் கெடும். சோயா எண்ணெயில் லினோலிக் பாதிக்கு மேல். செம்பனையில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான். தீபாவளிக்குச் சுட்ட முறுக்கைப் பொங்கல்வரை டின்னில் வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் மூக்கில் தெரியும்.

தேங்காய்ப்பால் சேர்த்த முறுக்கு வேறு விதமாகக் கெடும். அதன் கொழுப்பில் லாரிக் அமிலம் அதிகம். ஈரம் உள்ளே வந்தால் அது கொழுப்பிலிருந்து கழன்று தனியே நிற்கும். லாரிக் அமிலம் சோப்புக்கும் மூலப்பொருள். "என்ன பெரியம்மா, சோப்பு வாட அடிக்குது?" என்று கேட்டு ஒருமுறை நான் வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவிருக்கிறது. மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அந்த ஆண்டு டின்னின் மூடி நசுங்கியிருந்தது.

மூடிக்கு வந்துவிட்டோம். இதுதான் நான் தள்ளிப்போட்ட கேள்வி.

மொறுமொறுப்பு என்பது ஒருவகையில் கண்ணாடித்தன்மை. நீர் போன மாவுச்சத்து படிகமாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் ஜன்னல் கண்ணாடிபோல் உறைந்து நிற்கிறது. கடித்தால் வளையாது, உடையும். உடையும் ஓசைதான் நமக்கு ருசி. நீர் மூலக்கூறு உள்ளே நுழைந்தால் மாவுச்சத்தின் இழைகளுக்கிடையில் மசகுபோல் வேலை செய்து அவற்றை அசையவிடுகிறது. கண்ணாடி தோலாக மாறுகிறது. 1981இல் காட்ஸ், லபூசா என்ற இருவர் சோளப்பொரி, உருளைக்கிழங்கு வறுவல், உப்பு பிஸ்கட் போன்றவற்றை வெவ்வேறு ஈரப்பதத்தில் வைத்துச் சுவைத்துப் பார்க்கச் செய்தார்கள். நீர்ச்செயல்பாடு 0.35இலிருந்து 0.5க்குள் வரும்போது மொறுமொறுப்பு கைவிட்டுப் போகிறது என்று கண்டார்கள். முறுக்கு அவர்கள் பட்டியலில் இல்லை, ஆனால் உறவுக்காரன்தான். திறந்து வைத்த பண்டம் நாளடைவில் சுற்றியுள்ள காற்றோடு சமன் ஆகிவிடும்: 80 விழுக்காடு ஈரக்காற்றில் 0.8. எல்லைக்கோடு 0.5 என்றால் காப்பாரில் திறந்து வைத்த முறுக்குக்கு வழியே இல்லை. லண்டன் வீட்டின் 43 விழுக்காட்டில் பிஸ்கட் தப்பிப்பது இதனால்தான். நமுத்த முறுக்கை ஓவனில் 150 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் வைத்தால் நீர் போய் மறுபடியும் கண்ணாடியாகும். காறல் வாடை வந்ததை மட்டும் எந்த ஓவனும் திருப்பாது.

அப்படியானால் மூடியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது என்று பெரியம்மா திட்டியது சரிதானா? கணக்குப் போட்டேன். ஐந்து லிட்டர் டின். அரைக் கிலோ முறுக்கு. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளிருக்கும் காற்று முழுக்க வெளியேறி மழைக்காற்று முழுக்க நிரம்புகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து லிட்டர் காற்றில் இருப்பது 0.12 கிராம் நீராவி. முறுக்கு மூன்று விழுக்காடு ஈரத்திலிருந்து ஏழு விழுக்காட்டுக்குப் போய் நமுக்க வேண்டுமானால் 20 கிராம் நீர் தேவை. வகுத்தால் வருவது 160க்கு மேல்! அத்தனை தடவை திறந்து மூடினால்தான் டின் முழுதும் நமுக்கும். திறப்பதில் குற்றமில்லை. குற்றம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, சரியாக மூடாத மூடி. அந்த இடுக்கு வழியே இரவு பகலாக ஈரம் கசிந்துகொண்டே இருக்கும், யாரும் தொடாமலேயே. மற்றொன்று, ஆறுமுன் அடைத்த முறுக்கு; அதன் உள்ளே மிஞ்சிய ஆவியே போதும், வெளியிலிருந்து எதுவும் வர வேண்டாம். ஆறாமல் அடைப்பதைவிட மழைக்காற்றில் ஆறவைப்பதே மேல் என்றுகூடச் சொல்வேன், அரை மணி நேரத்துக்குள் என்றால். கனமான மைலோ டின்னின் இறுக்கமான உலோக மூடி, இப்போதைய சிவப்பு மூடி பிளாஸ்டிக் போத்தலைவிட நல்லது. போத்தலென்றால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுவது வீண் வேலை இல்லை.

போன தீபாவளிக்கு முதல் நாள் மாலை காப்பாருக்குப் போனேன். படையல் முடிந்து, தாத்தாவுக்குப் பிடித்த அதிரசம் வாழையிலையில் இன்னும் கிடந்தது. மறுநாள் திறந்த இல்ல உபசரிப்புக்காக முன்னறையில் பதினாறு போத்தல்கள் வரிசையாக நின்றன. வெளியே மழை. ஒரு போத்தலைத் திறந்தேன். அடுப்படியிலிருந்து பெரியம்மா பார்த்துவிட்டார். சமயம் வாய்த்தது என்று என் கணக்கை எடுத்து விளக்கினேன்: ஐந்து லிட்டர், 0.12 கிராம், 160 தடவை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"நூத்தி அறுவது தடவையா?" என்றார். முன்னறையில் போத்தல்களைச் சுற்றிக்கொண்டிருந்த என் பிள்ளைகளைப் பார்த்தார். "இவனுங்க நாளைக்கு மத்தியானத்துக்குள்ள தெறந்துருவானுங்க. நீ மொதல்ல அத மூடு."